தொட்டால் பேசாத ஓடு

ஈடன் பிரைம் என்றொரு கோள். மனிதர்கள் குடியேறி விவசாயம் பார்க்கும் இடம். அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்கு ஆளைவிட உயரமான ஒரு தூண் அகப்படுகிறது. 50,000 ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துபோன புரோதியன் என்ற இனம் விட்டுப்போனது அது. கமாண்டர் ஷெப்பர்ட் அருகில் போனதும் தூண் அவரை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, அழிந்தவர்களின் கடைசி எச்சரிக்கையைக் காட்சிகளாக மூளைக்குள் கொட்டுகிறது. கொட்டி முடித்ததும் வெடித்துச் சிதறிவிடுகிறது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட்' என்ற வீடியோ கேம் இப்படித்தான் சூடுபிடிக்கிறது. தூணுக்கு ஆட்டத்தில் 'பீக்கன்' என்று பெயர். எனக்கு இதைக் காட்டியது, பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என் அண்ணன் மகள். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி பார்த்தேன்.

விண்வெளிக் கதை சொல்லும் ஆட்டங்களில் பழங்காலப் பொருள் என்றால் பெரும்பாலும் ஒரே இலக்கணம்தான். 'ஹேலோ' தொடரில் 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையமே அப்படிப்பட்ட பொருள்; ஃபோர்ரன்னர் என்ற முந்தைய இனம் கட்டியது. முந்தைய இனம் எப்போதும் நம்மைவிட அறிவாளி. அவர்கள் செய்ததில் துரு ஏறாது, மின்சாரம் தீராது. யாராவது கை வைத்தால் போதும், தன் கதையைத் தானே சொல்லிவிடும். தொல்லியல்காரர்களுக்கு இதைவிடச் சொகுசான கனவு இருக்க முடியாது.

ஒரு நாள் காலையில் அவளைக் கீழடிக்குக் கூட்டிப்போனேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும். 12 கிலோமீட்டர் சொச்சம். சிவகங்கை மாவட்டம் என்று அரசுப் பதிவு சொன்னாலும் ஊர் மதுரையின் மடியில்தான் கிடக்கிறது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தூணும் முற்றமுமாக இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது என்ன செய்யும் சித்தப்பா?"

"சோறு வைக்கலாம். தண்ணி மோக்கலாம்."

"அவ்வளவுதானா?"

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்த அத்தியாயம்.

*

கீழடியின் கதையை நாளிதழ் படிக்கிற எல்லோரும் அறிவார்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1970களில் கிணறு வெட்டியபோது கிடைத்த பொருள்களை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கவனித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். பல காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு வைகையின் போக்கிலேயே தேனி முதல் ராமநாதபுரம் வரை தேடிப்போய் 293 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல், தென்னந்தோப்புக்கு அடியில் 110 ஏக்கர் மேடு. கி. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014–15இல் முதல் குழி விழுந்தது. நான்காம் கட்டத்திலிருந்து, அதாவது 2017–18 முதல், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தோண்டுகிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருள்கள் கிடைத்தன. செங்கல் சுவர், உறைகிணறு, கூரை ஓடு, தக்களி, பொன் துண்டுகள், பகடை என்று பட்டியல் நீளும். பிந்தைய கட்டங்களில் சுடுமண் குழாய்களும், 8 கிராம் எடையுள்ள படிக எடைக்கல் ஒன்றும் வந்தன.

ஆனால் மற்றதெல்லாம் ஒரு கூடை என்றால், பானை ஓடு பத்து வண்டி. தோண்டுகிறவர்கள் கூடை கூடையாக அள்ளிக் கழுவி வெயிலில் காயவைக்கிறார்கள். ஒரு தலத்தின் நிஜமான 'பீக்கன்' அதுதான். ஆனால் அது யாருக்கும் எதையும் சொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. உடைந்ததும் வீசி எறியப்பட்டது.

*

அந்தப் பானையைக் கவனித்துப் பார்ப்போம். ஒரே களிமண், ஒரே பானை. வெளிப்பக்கம் செங்கல் நிறம். உள்பக்கமும் வாய் விளிம்பும் கன்னங்கரேல். இரண்டு நிறங்களும் சந்திக்கிற இடத்தில் கோடு போட்ட மாதிரி எல்லை இருக்காது. மாலை வானம் மாதிரி ஒன்றில் ஒன்று கரையும். தூரிகையால் தீட்டியிருந்தால் இப்படி வராது. நிறத்தைப் பிரித்தது நெருப்பு.

களிமண்ணில் கொஞ்சம் இரும்பு உண்டு. சுடும்போது காற்று தாராளமாகக் கிடைத்தால் அந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஹெமடைட் ஆகிறது. நம் செம்மண்ணுக்கும் துருவுக்கும் சிவப்பு கொடுக்கிற குடும்பம் அது. காற்றை அடைத்தால் கதை மாறும். எரிய முடியாமல் புகைகிற வைக்கோலும் உமியும் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அது ஆக்சிஜனுக்கு அலைகிற வாயு. இரும்பு பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனையே பிடுங்கும். இரும்பு கருப்பு வடிவத்துக்கு மாறும். கூடவே புகையிலிருந்து வரும் நுண்ணிய கரி, களிமண்ணின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, குயவர் செய்யவேண்டியது ஒரு பானைக்குள்ளேயே இரண்டு வானிலைகளை உண்டாக்குவது. வெளியே காற்று, உள்ளே மூச்சுமுட்டல். இதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் வழி எளிமையானது: பானையைக் கவிழ்த்து அடுக்குவது. வாய் சாம்பலிலும் உமியிலும் புதைந்திருக்கும். உள்ளே தழையோ வைக்கோலோ திணித்திருக்கும். சூளைக் காற்று வெளிப்பக்கத்தைத் தழுவும். உள்பக்கம் புகையில் வேகும். ஒருமுறை சிவப்பாகச் சுட்டுவிட்டு, இரண்டாம்முறை உள்பக்கத்தைக் கருக்கியிருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் சாலையோரத்தில் மண் பூசிய குவியல்கள் புகைவதைப் பார்த்திருப்பார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணால் மூடி, மூட்டம் போடுகிறார்கள். காற்று புகுந்தால் விறகு சாம்பலாகும். காற்றை அளந்து விட்டால் கரியாகும். ஓட்டை எங்கே விழுகிறது, புகை எப்போது வெள்ளையிலிருந்து நீலமாக மாறுகிறது என்று ராத்திரி முழுக்க ஒருவர் காவலிருப்பார். கவிழ்த்த பானைக்குள் நடந்ததும் கையளவு மூட்டம்தான்.

இதில் எவ்வளவு சூடு? கீழடி ஓடுகளை வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்ததை வைத்து, சிவப்புக்கு ஹெமடைட், கருப்புக்குக் கரி, சூளையின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸ் வரை என்று மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வெப்பமானி இல்லாத காலம். தீயின் நிறம்தான் அளவுகோல்: மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். அந்த நிற வரிசையைக் கண்ணில் ஏற்றிக்கொள்ள ஒரு குயவருக்கு எத்தனை சூளை வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் எந்த வாயை அடைப்பது என்பதும் அப்படித்தான் தெரிந்திருக்கும். எழுதி வைத்தால் அரைப்பக்கம்கூட வராது. ஆனால் அந்த அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு நானும் நீங்களும் சூளை மூட்டினால் கிடைப்பது புள்ளி விழுந்த, வெடித்த சட்டிகளாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருப்பு சிவப்புப் பானை கீழடியின் தனிச்சொத்து அல்ல. ஆதிச்சநல்லூரில் உண்டு, கொடுமணலில் உண்டு, ராஜஸ்தானத்து ஆஹாரில் இதைவிட மிகப் பழையது உண்டு. வாய்ப்பக்கம் மட்டும் கருத்த பானைகளைப் பிரமிடுகளுக்கு முந்தைய எகிப்தியர்களும் சுட்டார்கள். மண்ணும் இரும்பும் புகையும் எங்கே சேர்ந்தாலும் இந்த வித்தையைத் தொடுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள்.

*

இனி 2020க்கு வருவோம். அந்த ஆண்டு நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. விஐடியைச் சேர்ந்த கோகர்ணேஸ்வரன் மணிவண்ணன், விஜயானந்த் சந்திரசேகரன் முதலானோர் எழுதியது. கீழடிப் பானையின் உள்பக்கக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருக்கின்றன என்றது அது. மறுநாளிலிருந்து 'தமிழன் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான்' என்று வாட்ஸ்அப்பில் வராத குடும்பக் குழு கிடையாது. என் குடும்பக் குழுவில் மூன்று முறை வந்தது.

நானோ குழாய் என்பது என்ன? பென்சில் கரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களால் ஆனது. ஒவ்வொரு தாளும் ஓர் அணு கனம். அதில் கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணங்களாகக் கைகோத்திருக்கும். அந்தத் தாளை ஓலைச் சுருள் மாதிரி சுருட்டி விளிம்போடு விளிம்பு ஒட்டினால் குழாய். ஒரே சுருளாக இருந்தால் ஒற்றைச்சுவர்க் குழாய். குழாய்க்குள் குழாயாக இருந்தால் பலசுவர்க் குழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் பலசுவர்க் குழாய்களை விவரித்து எழுதிய பிறகுதான் உலகம் இதன்மேல் பைத்தியமானது. அதற்கு முன் 1952இலேயே இரண்டு ரஷ்ய விஞ்ஞானிகள் இத்தகைய இழைகளைப் படமெடுத்திருந்தார்கள். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழடிக் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர் என்கிறது கட்டுரை. தலைமுடியின் அகலத்தில் இப்படிப்பட்ட குழாய்களை வரிசையாக வைத்தால் லட்சத்துக்கும் மேல் வைக்கலாம். கால்பந்து வடிவத்தில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு ஒன்று உண்டு. அதைவிடவும் இது மெல்லியது. இவ்வளவு சின்னதை எப்படி அளந்தார்கள்? மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தார்கள். ராமன் நிறமாலையையும் பயன்படுத்தினார்கள். லேசர் ஒளி பட்டதும் குழாய் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். மெல்லிய குழாய் வேகமாக மூச்சுவிடும், தடித்தது மெதுவாக. திரும்பிவரும் ஒளியில் அந்த மூச்சின் வேகம் பதிவாகியிருக்கும். திருச்சிராப்பள்ளிப் பக்கம் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்ட விளைவு, வைகைக்கரைச் சட்டியின் மூச்சை எண்ண உதவுகிறது. ஆட்டத்தில் ஷெப்பர்டுக்குத் தூணே படம் காட்டியது. இங்கே ஒளியைப் பாய்ச்சி, அதன் தடுமாற்றத்தை அளந்து, நாமேதான் படம் வரைய வேண்டியிருக்கிறது.

சரி, குழாய் எப்படி உருவாகியிருக்கும்? தாவரச் சாறு ஏதோ ஒன்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்று ஆய்வகத்தில் நானோ குழாய் வளர்க்கிற முறை ஒன்றைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத உலை. கார்பன் உள்ள ஒரு வாயு. 600 முதல் 1,000 டிகிரி வரை சூடு. இரும்பு அல்லது நிக்கலின் நுண்துகள். அதன்மேல்தான் கார்பன் அணுக்கள் வந்து ஒட்டிக் குழாயாக வளரும். கவிழ்த்துவைத்த பானைக்குள் என்ன இருந்தது? அடைபட்ட காற்று, தழைப்புகை, தீ, களிமண்ணின் இரும்பு. நாலும் அங்கேயே இருந்தன. குழாய் வந்திருப்பது அதிசயமே இல்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு மூத்த உறவினரும் உண்டு. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருந்த 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளில் நானோ குழாய்களைக் கண்டார்கள். டமாஸ்கஸ் வாளுக்கு எஃகு போனது பெரும்பாலும் நம் பக்கமிருந்துதான். தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்போடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண்குகைக்குள் வைத்து மூடி உருக்கினார்கள். இங்கேயும் அதே கூட்டணி: இரும்பு, இலை, மூடிய பாத்திரம், தீ.

அப்படியானால் வாட்ஸ்அப் செய்தி சரியா? என் கருத்தில் பாதிதான் சரி. குழாய் அங்கே இருந்தது என்பது ஒரு செய்தி. குயவர் குழாய் செய்தார் என்பது வேறு செய்தி. வீட்டுச் சமையல் எரிவாயுவின் சுடரில் படியும் கரியிலும் நானோ குழாய்கள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்காக என் அம்மாவை நானோ விஞ்ஞானி என்று யாரும் சொல்வதில்லை. அவர் அதைவிட நல்ல காரணங்களுக்காகப் பாராட்டப்பட வேண்டியவர்.

பூச்சு 2,600 ஆண்டு உதிராமல் நின்றதற்குக் குழாய்களின் உறுதியே காரணம் என்றும் சொல்லப்படுகிறது. அப்படியும் இருக்கலாம். ஆனால் கரி என்பதே மண்ணுக்குள் எளிதில் அழியாத சமாச்சாரம். குழாயோ சுருளோ இல்லாத சாதாரண அடுப்புக்கரியும் அதே குழிகளில் அத்தனை காலம் கிடந்திருக்கிறது. அப்படிக் கிடந்ததால்தான் கீழடிக்கு வயது சொல்லவே முடிந்தது.

'மாஸ் எஃபெக்ட்' கதையில் ஒரு திருப்பம் உண்டு. ஆட்டத்தை இனிமேல் விளையாடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். விண்மீன்களுக்கிடையே கப்பல்களைத் தூக்கி எறியும் பிரம்மாண்ட இயந்திரங்களை அங்கே எல்லோரும் புரோதியன்கள் கட்டியவை என்றே நம்புகிறார்கள். பாடப்புத்தகமும் அதையே சொல்கிறது. உண்மையில் அவற்றைக் கட்டியது ரீப்பர் என்ற வேறொரு கூட்டம். புரோதியன்களும் நம்மைப்போல் கண்டெடுத்துப் பயன்படுத்தியவர்கள்தான். தெரிந்த பெயர் ஒன்று கையில் இருந்தால், கண்ணில் பட்டதையெல்லாம் அதன் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். நானோ குழாயை எழுதவேண்டியது நெருப்பின் கணக்கில். குயவரின் கணக்கில் எழுத அந்தக் காற்றடைப்பு இருக்கிறது; அது யாரும் பறிக்க முடியாத வரவு.

மண்சட்டி வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். புதுச்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்ற மாட்டோம். வடிகஞ்சியை ஊற்றி வைத்து, எண்ணெய் தடவிப் பழக்குவோம். கஞ்சியின் மாவு துளைகளில் இறங்கிச் சூட்டில் அடைத்துக்கொள்ளும், சட்டி கசியாது. உள்பக்கக் கருப்புப் பூச்சின் வேலையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்கும். அண்ணன் மகளின் கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்: தண்ணீரைக் கசியவிடாது.

*

வயது எப்படித் தெரிந்தது? நான்காம் கட்டத்தில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று விடை வந்தது.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் கார்பன்-14 இருக்கும். வெட்டிய நாளிலிருந்து வரவு நிற்கும். இருப்பு மட்டும் கரையும். 5,730 ஆண்டில் பாதி போய்விடும். 2,600 ஆண்டு கடந்த கரியில் நூற்றுக்கு 73 பங்கு மிச்சமிருக்கும். வில்லார்டு லிப்பி 1949இல் இந்த முறையை நிறுவினார். 1960இல் நோபல் பரிசு பெற்றார். இப்போது அணுக்களை முடுக்கிவிட்டு ஒவ்வொன்றாக எண்ணுவதால், அரிசி மணி அளவு கரியே போதும்.

பலரும் சொல்லாமல் விடும் ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அது தொடர்ந்து குறைந்து வந்தது. கி.மு. 750இல் வெட்டிய மரம் கூடுதல் இருப்போடு புறப்பட்டது, கி.மு. 450இல் வெட்டியது குறைந்த இருப்போடு. இன்று எண்ணினால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மிச்சம்! இந்தச் சமவெளிக்கு ஹால்ஸ்டாட் பீடபூமி என்று பெயர். ஆஸ்திரியாவின் அந்த ஊர்ப் பெயரில் அறியப்படும் இரும்புக்காலப் பண்பாட்டை ஆராய்கிறவர்களைத்தான் இது முதலில் படுத்தியது. நம் கி.மு. 580 இந்தப் பீடபூமியின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் காலத்து ஒற்றை எண்ணை எங்கே பார்த்தாலும், அதற்கு முன்னும் பின்னும் நீளும் ஒரு பட்டையின் நடுப்புள்ளி என்றே படிக்க வேண்டும். ஒரு மாதிரியைக் கொண்டு நூற்றாண்டைப் பிடிக்க முடியாது. எந்த மண் அடுக்குக்கு மேல் எது கிடந்தது, எந்த அடுக்கில் எந்தப் பானை வந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் பட்டை குறுகும்.

அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் ஒப்படைத்த 982 பக்க அறிக்கை, கீழடியின் தொடக்கக் காலத்தை கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை என்று வைக்கிறது. 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரச் சொன்னது, அவர் மறுத்தார். தொலைக்காட்சியில் இது அரசியல் சண்டையாகவே ஓடியது. அறிவியல் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி எளிது, விடைதான் கடினம்: ஆழத்து அடுக்குகளிலிருந்து இன்னும் எத்தனை கரித்துண்டு, எத்தனை நெல்மணி எடுத்து எண்ணியிருக்கிறோம்? எண்ணிக்கை கூடினால் கூச்சல் குறையும் என்பது என் நம்பிக்கை.

*

ஆட்டத்துக்குத் திரும்புவோம். தூண் காட்டிய காட்சி ஷெப்பர்டுக்குப் புரியவில்லை. புரோதியன்களின் மூளைக்கென்று எழுதியது மனிதர் மண்டைக்குள் குப்பையாகக் கிடக்கிறது. ஃபெரோஸ் என்ற கோளுக்குப் போய், 'சைஃபர்' என்ற திறவுகோலைப் பெற்ற பிறகுதான் குப்பை செய்தியாகிறது. பழம்பொருளைப் பற்றி அந்த ஆட்டம் சொல்லும் மிகச் சரியான விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மதுரைக்கும் ஒரு சைஃபர் கதை உண்டு. மாங்குளம், அழகர்மலை, கீழவளவு, கொங்கர்புளியங்குளம் என்று நகரைச் சுற்றிய குன்றுகளின் குகைத்தளங்களில் பழைய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாங்குளத்து எழுத்தை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டார். அசோகரின் பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே படித்துவிட்டார். அதனால் எழுத்தின் ஒலி பெரும்பாலும் தெரியும். ஆனாலும் நாற்பது ஆண்டு இது குப்பையாகவே இருந்தது. பிராகிருதம் என்று நினைத்துப் படித்ததால்தான். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் வேறு மாதிரி பார்த்தார். இதில் தமிழுக்கு வேண்டாத வர்க்க எழுத்துகள் காணோமே! பிராமியில் இல்லாத சில வடிவங்கள் புதிதாக இருக்கின்றனவே! அந்தப் புதியவற்றுக்கு ழ, ள, ற, ன என்று ஒலி கொடுத்தார். கல் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. பிறகு 1960களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்துக் காட்டினார்.

அந்தத் திறவுகோல் இருப்பதால்தான் கீழடி ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரை இன்று ஒரு கல்லூரி மாணவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது. தமிழி எனப்படும் இந்த எழுத்து கீறிய ஓடுகள் நான்காம் கட்டத்தில் 56 கிடைத்தன. கைப்பாணி ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. ஒரே எழுத்தர் உட்கார்ந்து எழுதியதல்ல. தன் சட்டியில் தன் பெயரைக் கீறிக்கொண்டவர்களாக இருக்கலாம். எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டிய நம் பாட்டிகளுக்கு இது புரியும்.

அதே கட்டத்தில் குறியீடுகள் கீறிய ஓடுகள் 1,001. மீன் மாதிரி, ஏணி மாதிரி, வில் மாதிரி. இவற்றுக்கு இன்னும் சைஃபர் கிடைக்கவில்லை. சிந்துவெளிக் குறிகளோடு வடிவ ஒப்புமை காட்டும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. சிந்து எழுத்தைப் படித்துக்காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வடிவம் ஒத்துப்போவது நல்ல துப்பு. ஆனால் ஒரு ஏணியைப் போலவே இன்னொரு ஏணியும் இருப்பதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே சொல்லைக் குறித்தனவா என்பதுதான் பூட்டு.

*

அருங்காட்சியகத்தில் நாங்கள் கடைசியாகப் போன பக்கத்தில் விளையாட்டுப் பொருள்கள் இருந்தன. பகடைகள். சுடுமண் ஆட்டக்காய்கள். பக்கத்தில் வட்ட வட்டமாக ஓட்டுச் சில்லுகள். நான்காம் கட்டத்தில் மட்டும் இவை 600 அளவுக்குக் கிடைத்தன. புதிதாகச் சுட்டவை அல்ல; உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கியவை. சிலவற்றில் உள்பக்கக் கருப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடைக்கல், குடுவை மூடி, கணக்குக் காய் என்று இத்தகைய வட்டங்களுக்கு வேறு பயன்களையும் ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அதை விளக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"இது பாண்டிச் சில்லு" என்றாள் அவள். பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. "ஓரம் தேச்சாத்தான் கோட்டுல நிக்கும். தேய்க்காட்டி உருண்டுரும்."

"எப்படிச் சொல்ற?"

"ஆச்சி வீட்டு வாசல்ல நான் எத்தனை தேச்சிருக்கேன்." கண்ணாடிக்கு மேலேயே விரலை வைத்து, ஒன்றை விட்டு ஒன்றாக ஐந்தாறைக் காட்டினாள். "இது நல்லா இருக்கு. இது வேணாம், கனம் ஜாஸ்தி. அந்தக் கருப்பு இருக்குல்ல, அதை எடுத்துக்கலாம்."